பிராண்ஸ் போவாஸ்

பிராண்ஸ் போவாஸ் (ஜூலை 9, 1858 – டிசம்பர் 21, 1942) ஜெர்மனியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறி வாழ்ந்த மானிடவியலாளர் ஆவார். நவீன மானிடவியலின் முன்னோடிகளில் ஒருவரான இவர், அமெரிக்க மானிடவியலின் தந்தை எனவும் அழைக்கப்படுவதுண்டு. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற இவர், புவியியல் வழியாக மானிடவியலுக்கு வந்தார். மொழியியல், தொல்கதைகள், கலை, உடலளவை எனப் பல துறைகளில் ஆய்வு செய்தார்.

மனித இனங்களை உயர்ந்தவை, தாழ்ந்தவை என வரிசைப்படுத்துவது அறிவியல் உண்மையாகக் கருதப்பட்ட காலத்தில், அக்கருத்துக்குச் சான்று இல்லை என்பதைப் போவாஸ் காட்ட முயன்றார். இத்துறையில் இவர் செய்தவற்றுள், 1908 முதல் 1910 வரை நியூயார்க் நகரில் குடிவந்தோரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அளந்து நடத்திய ஆய்வு மிகவும் அறியப்பட்டது. அரசின் குடிவரவுக் குழுவுக்காக நடத்தப்பட்ட அவ்வாய்வின் முடிவுகளை அதே அரசு பின்னர் இயற்றிய சட்டங்களில் கருத்திற்கொள்ளவில்லை. ஆயினும் இனம் பற்றிய அறிவியல் சிந்தனையை மாற்றியமைத்ததில் அந்த ஆய்வுக்கு முக்கிய இடம் உண்டு.

இளமையும் கல்வியும்

போவாஸ், பிரஷ்யாவின் வெஸ்ட்பாலியா மாகாணத்தில் உள்ள மிண்டன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மேயர் போவாஸ், தாய் சோபி. பெற்றோர் சமயச் சடங்குகளில் பற்றுக் கொண்டவர்கள் அல்லர். 1848 ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்து தோல்வியடைந்த மக்களாட்சிப் புரட்சியின் கொள்கைகளில் அவர்களுக்கு ஈடுபாடு இருந்தது. உறவினரான ஆபிரகாம் ஜேக்கபி அப்புரட்சியில் பங்குபற்றிச் சிறை சென்றவர். பின்னர் அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டில் குழந்தை மருத்துவத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவராகப் புகழ் பெற்றார். போவாஸ் பின்னாளில் அமெரிக்கா சென்றபோது ஜேக்கபியின் துணை இவருக்குக் கிடைத்தது.

ஹைடல்பர்க், பான், கீல் ஆகிய பல்கலைக்கழகங்களில் போவாஸ் பயின்றார். 1881 ஆம் ஆண்டில் நீரின் நிறம் குறித்த ஆய்வுக்காகக் கீல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஒளியின் சிறு வேறுபாடுகளைக் கண் எவ்வாறு உணர்கிறது என்ற கேள்வி அந்த ஆய்வின்போது எழுந்தது. அளவு என்பது அளக்கப்படும் பொருளை மட்டுமன்றி, அளக்கும் மனிதரின் பழக்கத்தையும் சார்ந்தது என்ற எண்ணம் இவருக்கு அக்காலத்திலேயே ஏற்பட்டது. பின்னாளில் மொழிகளையும் மக்களையும் ஆராய்ந்தபோதும் இவ்வெண்ணம் இவருடன் இருந்தது.

பாஃபின் தீவுப் பயணம்

1883 ஆம் ஆண்டில் போவாஸ் வட துருவப் பகுதியில் உள்ள பாஃபின் தீவுக்குச் சென்றார். நிலத்தின் இயல்பு அங்கு வாழும் மக்களின் இடப்பெயர்வை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை அறிவது பயணத்தின் நோக்கம். ஓராண்டு காலம் இனுயிட் மக்களுடன் தங்கி, அவர்களுடைய நாய்வண்டிகளில் பயணம் செய்து, கடற்கரையின் நிலப்படத்தை வரைந்தார். இடப்பெயர்களையும் கதைகளையும் பாடல்களையும் பதிவு செய்தார். உணவுக்கும் உறைவிடத்துக்கும் வழிகாட்டலுக்கும் இவர் முழுமையாக அம்மக்களையே நம்பியிருக்க வேண்டியிருந்தது.

வேட்டையில் கிடைத்த சிறிதளவு இறைச்சியையும் பகிர்ந்து உண்ணும் அம்மக்களைக் கண்டபோது, நாகரிகமடைந்த சமூகம் எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் ஐரோப்பா எவ்வகையில் மேலானது என்ற ஐயம் இவருக்கு எழுந்ததைப் பயணக் குறிப்புகள் காட்டுகின்றன. சூழல் மட்டுமே மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தும் வலுவிழந்தது. ஒரே வகையான நிலத்தில் வாழும் மக்களும் தத்தம் மரபுக்கும் வரலாற்றுக்கும் ஏற்ப வேறுபட்டு வாழ்வதை இவர் கண்டார். இப்பயணத்தின் பயனாக எழுதிய நடு எஸ்கிமோக்கள் பற்றிய நூல் 1888 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அமெரிக்காவில் குடியேறுதல்

ஜெர்மனிக்குத் திரும்பிய போவாஸ், பெர்லின் அருங்காட்சியகத்தில் அடால்ப் பாஸ்டியனிடம் பணியாற்றினார். மருத்துவரும் மானிடவியலாளருமான ருடால்ப் விர்சோவிடம் உடலளவை முறைகளைக் கற்றார். ஆனால் அக்காலத்தில் ஜெர்மனியில் யூத வெறுப்பு வளர்ந்து வந்தது. பல்கலைக்கழகப் பதவிகள் யூதர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1886 ஆம் ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு ஆய்வுப் பயணம் மேற்கொண்ட போவாஸ், திரும்பும் வழியில் நியூயார்க்கில் தங்கி அங்கேயே குடியேறினார். 1887 ஆம் ஆண்டில் சயன்ஸ் இதழில் துணையாசிரியரானார். அதே ஆண்டில் மேரி கிராக்கோவைசரை மணந்துகொண்டார்.

அவ்வாண்டிலேயே வாஷிங்டனில் இருந்த தேசிய அருங்காட்சியகத்தின் ஓட்டிஸ் மேசனுடன் ஒரு விவாதத்தில் ஈடுபட்டார். மேசன், உலகின் பல பகுதிகளிலிருந்தும் பெற்ற கருவிகளை எளியதிலிருந்து சிக்கலானது வரை ஒரே வரிசையில் அடுக்கினார். மனிதகுலம் முழுவதும் ஒரே படிக்கட்டில் ஏறிச் செல்கிறது என்பது அவ்வரிசையின் உட்பொருள். ஒரு பொருளை அதைப் படைத்த மக்களின் பிற பொருட்களோடும் வழக்கங்களோடும் சேர்த்து வைத்தால்தான் அதன் பொருள் விளங்கும் என்று போவாஸ் வாதிட்டார். பின்னாளில் பண்பாட்டுச் சார்புநிலை எனப் பெயர் பெற்ற அணுகுமுறையின் தொடக்கத்தை இங்குக் காணலாம்.

1889 ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டர் நகரில் உள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அந்நகரின் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அளந்து அவர்களுடைய வளர்ச்சியை ஆராயும் திட்டத்தைத் தொடங்கினார். அயல்நாட்டவர் ஒருவர் தம் பிள்ளைகளின் உடலை அளப்பதா என்று உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று எதிர்ப்புத் தெரிவித்தது. எனினும் ஆய்வு நடந்தது. பிள்ளைகள் அனைவரும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்றும், ஒரு வயதில் காணும் அளவை வைத்து ஒரு பிள்ளையின் திறனை மதிப்பிடுவது தவறு என்றும் போவாஸ் கண்டார்.

1892 ஆம் ஆண்டில் கிளார்க் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, 1893 ஆம் ஆண்டின் சிகாகோ உலகக் கண்காட்சியில் மானிடவியல் பிரிவில் பணியாற்றினார். பின்னர் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். 1899 ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியரானார். 1936 இல் ஓய்வு பெறும் வரை அப்பதவியில் இருந்தார்.

குடிவந்தோர் உடலளவை ஆய்வு

பின்புலம்

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவுக்குக் குடிவந்தோரின் தாயகங்கள் மாறின. முன்பு பெரும்பாலும் பிரித்தானியா, அயர்லாந்து, ஜெர்மனி, ஸ்கண்டினேவியா ஆகிய இடங்களிலிருந்து மக்கள் வந்தனர். இப்போது இத்தாலி, போலந்து, ரஷ்யா, ஆஸ்திரியா-ஹங்கேரி ஆகிய நாடுகளிலிருந்து மிகுதியாக வந்தனர். இவர்கள் பிறவியிலேயே தாழ்ந்த வகையினர் என்றும், அமெரிக்க வாழ்வில் கலக்க இயலாதவர்கள் என்றும் சிலர் எழுதினர். 1907 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின்படி, செனட்டர் வில்லியம் டில்லிங்கம் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மூன்று செனட்டர்கள், கீழவையைச் சேர்ந்த மூவர், அரசுத் தலைவர் நியமித்த மூவர் என ஒன்பது உறுப்பினர்கள் அதில் இருந்தனர். குடிவந்தோரின் உடலமைப்பு பற்றிய ஆய்வைப் போவாஸ் அக்குழுவிடம் முன்மொழிந்து ஒப்புதல் பெற்றார்.

தலைச் சுட்டெண்

அக்கால மானிடவியலாளர் மக்களை வகைப்படுத்துவதற்குத் தலைச் சுட்டெண் என்னும் அளவைப் பெரிதும் நம்பினர். தலையின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும். எண் குறைவாயின் தலை நீண்டது, கூடுதலாயின் உருண்டையானது. நிறமும் உயரமும் உணவாலும் வெயிலாலும் மாறக்கூடும், ஆனால் தலையின் வடிவம் தலைமுறைகள் கடந்தும் மாறாது என்பது பொதுவான நம்பிக்கை. இதன் அடிப்படையில் ஐரோப்பிய மக்களைச் சில இனங்களாகப் பிரித்து, அவற்றுக்கு மனப்பண்புகளையும் கற்பித்தனர். போவாஸ் சோதனைக்கு எடுத்துக்கொண்டது இந்த நம்பிக்கையையே ஆகும்.

ஆய்வு முறை

போவாஸும் இவருடைய உதவியாளர்களும் நியூயார்க்கில் 17,821 பேரை அளந்தனர். கிழக்கு ஐரோப்பிய யூதர், போஹீமியர், சிசிலியர், நேப்பிள்ஸ் பகுதியினர், போலந்தினர், ஹங்கேரியர், ஸ்காட்லாந்தினர் முதலியோர் இதில் அடங்குவர். தலையின் நீளம், அகலம், முகத்தின் அகலம், உயரம், முடியின் நிறம் ஆகியவை பதிவு செய்யப்பட்டன.

ஒப்பிடும் முறையில் இவ்வாய்வின் சிறப்பு அமைந்திருந்தது. ஒரே இனக்குழுவில் ஐரோப்பாவில் பிறந்த பிள்ளைகளும் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளும் ஒப்பிடப்பட்டனர். பெற்றோரும் அவர்தம் பிள்ளைகளும் குடும்பம் குடும்பமாக ஒப்பிடப்பட்டனர். தாய் அமெரிக்காவுக்கு வந்து எத்தனை ஆண்டுகளுக்குப் பின் பிள்ளை பிறந்தது என்பதும் கணக்கில் எடுக்கப்பட்டது. முன்னர் வந்தவர்களும் பின்னர் வந்தவர்களும் வெவ்வேறு வகையினராக இருந்திருக்கலாம் என்ற எதிர்வாதத்தை முன்கூட்டியே கருதி, ஒரே காலத்தில் வந்தவர்களைத் தனியே பிரித்தும் ஆராய்ந்தார்.

முடிவுகள்

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் தலை உருண்டை வடிவினது. அமெரிக்காவில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளின் தலை சற்று நீண்டிருந்தது. சிசிலியர்களின் தலை நீண்டது. அமெரிக்காவில் பிறந்த சிசிலியப் பிள்ளைகளின் தலை சற்று உருண்டிருந்தது. தாய் அமெரிக்காவில் வாழ்ந்த காலம் நீளும்தோறும் இம்மாற்றம் கூடியது. மாற்றத்தின் அளவு சிறியதே. சராசரிச் சுட்டெண் சில அலகுகளுக்குள்தான் மாறியது. ஆனால் மாறவே மாறாது என்று கருதப்பட்ட ஒன்று ஒரே தலைமுறையில் மாறியதாகக் காணப்பட்டதே முக்கியமானது.

இம்மாற்றத்துக்கு என்ன காரணம் என்பதைப் போவாஸ் உறுதியாகக் கூறவில்லை. அமெரிக்காவில் எல்லோரும் ஒரே வடிவத்தை அடைந்துவிடுவர் என்றும் கூறவில்லை. உடல் வடிவே சூழலுக்கு ஏற்ப மாறுமாயின், அவ்வடிவை அடிப்படையாகக் கொண்டு ஒரு மக்கள் கூட்டத்தின் மனத்திறன் என்றும் மாறாதது என்று வாதிட இயலாது என்பதே இவர் கண்ட முடிவு. இவ்வாறு, இன வரிசைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட அதே அளவையைக் கொண்டே அவ்வரிசையின் அடிப்படையை இவர் கேள்விக்கு உள்ளாக்கினார்.

குழுவின் பரிந்துரையும் சட்டங்களும்

டில்லிங்கம் குழுவின் அறிக்கை 1911 ஆம் ஆண்டில் 41 தொகுதிகளாக வெளிவந்தது. போவாஸின் ஆய்வு அதில் 38 ஆம் தொகுதியாக இடம்பெற்றது. அதே அறிக்கையின் 5 ஆம் தொகுதி, இனங்களின் அகராதி என்ற வகையில், மக்களை உடலமைப்பின்படியும் குணத்தின்படியும் வகைப்படுத்தியது. ஒரே அறிக்கையில் முரண்பட்ட இரு தொகுதிகள் அருகருகே இருந்தன எனலாம். குழுவின் இறுதிப் பரிந்துரை குடிவரவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதாகவே அமைந்தது. குடிவருவோருக்கு எழுத்தறிவுத் தேர்வு வைப்பதை அது ஒரு வழியாகக் குறிப்பிட்டது. அரசுத் தலைவர் வில்சனின் மறுப்பையும் மீறி 1917 ஆம் ஆண்டில் அத்தேர்வு சட்டமாயிற்று. இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து குடிவருவதையும் அச்சட்டம் தடை செய்தது.

1916 ஆம் ஆண்டில் மேடிசன் கிராண்ட் என்பவர், வட ஐரோப்பிய இனமே நாகரிகத்தைப் படைத்தது என வாதிடும் நூலொன்றை வெளியிட்டார். போவாஸ் அந்நூலைக் கடுமையாக விமர்சித்தார். ஆயினும் இனமேம்பாட்டியல் கருத்துடையோரின் குரலே சட்டமன்றத்தில் எடுபட்டது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கீடு விதித்தது. 1910 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இருந்த அந்நாட்டவரின் எண்ணிக்கையில் 3 விழுக்காட்டினர் ஆண்டுதோறும் வரலாம் என்றது. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் இதை 2 விழுக்காடாகக் குறைத்து, 1890 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாக்கியது. 1890 இல் இத்தாலியரும் போலந்தினரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் அமெரிக்காவில் குறைவாகவே இருந்தனர். ஆகவே ஒரு கணக்கெடுப்பு ஆண்டை மாற்றியதன் மூலமே அம்மக்களின் வருகை பெருமளவு தடுக்கப்பட்டது.

இன வகைப்பாடு குடியுரிமையையும் தீர்மானித்தது. வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்பது அக்காலச் சட்டம். பஞ்சாபில் பிறந்து அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், மானிடவியலாளரின் வகைப்பாட்டின்படி தாமும் காக்கேசிய இனத்தவரே என்று வாதிட்டார். 1923 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அறிவியலாளரின் வகைப்பாடு அன்றிப் பொதுமக்களின் வழக்கே அளவுகோல் எனக் கூறி அவருடைய கோரிக்கையை மறுத்தது. இந்தியர்கள் குடியுரிமை பெறும் வாய்ப்பு 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிட்டியது. நாடுவாரி ஒதுக்கீட்டு முறை 1965 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தால் கைவிடப்பட்டது. போவாஸ் இவ்விரண்டையும் காண உயிருடன் இருக்கவில்லை.

கறுப்பின மக்களின் உரிமை குறித்த பணி

1906 ஆம் ஆண்டு மே மாதத்தில், டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸின் அழைப்பின் பேரில் அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் போவாஸ் உரையாற்றினார். டுபாய்ஸ், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1895 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆவார். அவருடைய ஆய்வுத் துறை வரலாறு. போவாஸ் தம் உரையில், ஆப்பிரிக்க மக்கள் இரும்பை உருக்கும் தொழிலில் பெற்றிருந்த தேர்ச்சியையும், சகாராவின் தெற்கே நிலவிய பேரரசுகளையும் எடுத்துக் கூறினார். தமக்கு அதுவரை எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படாத வரலாறு அது என்றும், அது தம்மை வியப்பில் ஆழ்த்தியது என்றும் டுபாய்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதினார். அவ்வுரை நிகழ்ந்த சில மாதங்களில், செப்டம்பர் 1906 இல், அதே அட்லாண்டா நகரில் கறுப்பின மக்களுக்கு எதிரான பெரும் வன்முறை வெடித்தது.

ஆப்பிரிக்கப் பண்பாடுகளை மக்களுக்கு அறிமுகப்படுத்தும் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவப் போவாஸ் விரும்பி, செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னெகியிடம் நிதி கோரினார். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. 1910 ஆம் ஆண்டில் டுபாய்ஸ் தொடங்கிய தி கிரைசிஸ் இதழில் போவாஸின் கட்டுரை வெளிவந்தது. 1911 இல் லண்டனில் கூடிய உலக இனங்கள் மாநாட்டுக்கு, மனித உடல் வகைகளின் நிலையாமை குறித்து ஒரு கட்டுரை அளித்தார். அதே ஆண்டில் வெளியான இவருடைய ஆதி மனிதனின் மனம் என்னும் நூல், இனம், மொழி, பண்பாடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்பதை விளக்கியது. ஒரே மொழி பேசுவோர் ஒரே இனத்தவராக இருக்க வேண்டியதில்லை. ஓர் இனத்தவர் அனைவரும் ஒரே பண்பாட்டை உடையவராகவும் இருக்க வேண்டியதில்லை.

மாணவர்கள்

போவாஸிடம் பயின்றோர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மானிடவியல் துறைகளை உருவாக்கினர். கொலம்பியாவில் 1901 ஆம் ஆண்டில் இவரிடம் முனைவர் பட்டம் பெற்ற ஆல்பிரட் குரோபர், கலிபோர்னியாவில் அத்துறையை வளர்த்தார். மொழியியலாளர் எட்வர்ட் சபீர், ராபர்ட் லோவி, மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ், ரூத் பெனடிக்ட், மார்கரெட் மீட் ஆகியோரும் இவருடைய மாணவர்களே. இவர்களில் பலரும் குடிவந்த குடும்பங்களைச் சேர்ந்தோர் அல்லது பெண்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பெண்களுக்கு ஆய்வுப் பட்டம் எளிதில் கிட்டாத காலத்தில் போவாஸ் அவர்களைத் தம் துறைக்கு ஊக்கத்துடன் வரவேற்றார்.

கறுப்பின எழுத்தாளரான சோரா நீல் ஹர்ஸ்டன், பர்னார்ட் கல்லூரியில் பயின்றபோது போவாஸின் ஆய்வுக்காக ஹார்லெம் தெருக்களில் வழிப்போக்கர்களின் தலையை அளந்தார். பின்னர் போவாஸின் ஊக்கத்தால் தெற்கு மாநிலங்களில் நாட்டார் கதைகளைத் திரட்டி 1935 ஆம் ஆண்டில் நூலாக்கினார். அந்நூலுக்குப் போவாஸ் முன்னுரை எழுதினார். டகோட்டா பழங்குடியைச் சேர்ந்த எல்லா டெலோரியா, தம் மக்களின் மொழியையும் கதைகளையும் பதிவு செய்வதில் இவருடன் நீண்டகாலம் பணியாற்றினார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குவாக்வாக்காவாக்கு மக்களிடையே வளர்ந்த ஜார்ஜ் ஹண்ட், பல்லாயிரம் பக்கக் குறிப்புகளை எழுதி அனுப்பியவர். போவாஸின் பெயரில் அறியப்படும் பல நூல்கள் ஹண்டின் உழைப்பின்றி உருவாகியிருக்க இயலாது.

போர்க்காலமும் கண்டனமும்

முதல் உலகப் போரில் அமெரிக்கா சேர்வதைப் போவாஸ் வெளிப்படையாக எதிர்த்தார். ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால் இவர்மீது ஐயம் எழுந்தது. பல்கலைக்கழக நிர்வாகத்துடனும் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. போர் முடிந்தபின், 1919 ஆம் ஆண்டு டிசம்பரில் தி நேஷன் இதழுக்கு ஒரு மடல் எழுதினார். மானிடவியலாளர் நால்வர், ஆய்வு என்ற போர்வையில் அயல்நாட்டில் உளவு பார்த்தனர் என்று அதில் குற்றஞ்சாட்டினார். அவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. இத்தகைய செயல் நேர்மையான ஆய்வாளர் அனைவர்மீதும் மக்களுக்கு உள்ள நம்பிக்கையைக் கெடுக்கும் என்பது இவருடைய வாதம். இதற்காக, தாம் நிறுவுவதற்குத் துணைநின்ற அமெரிக்க மானிடவியல் சங்கமே இவரைக் கண்டித்தது. சங்கத்தின் ஆட்சிக்குழுவிலிருந்தும் நீக்கப்பட்டார். 86 ஆண்டுகளுக்குப் பின், 2005 ஆம் ஆண்டில் அச்சங்கம் அந்தக் கண்டனத்தைத் திரும்பப் பெற்றது.

நாசிசத்துக்கு எதிர்ப்பும் மறைவும்

1920களில் போவாஸ் தம் பிள்ளைகளில் இருவரையும், 1929 ஆம் ஆண்டில் சாலை விபத்தில் மனைவியையும் இழந்தார். அதற்கு முன்பே நோய்க்கான அறுவை மருத்துவத்தால் இவருடைய முகத்தின் ஒரு பகுதி செயலிழந்திருந்தது. இத்துன்பங்களுக்கு இடையிலும் எழுத்தும் பொதுப்பணியும் தொடர்ந்தன. 1933 ஆம் ஆண்டில் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும், ஜெர்மனியின் அரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்குக்குத் திறந்த மடல் எழுதித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். அவ்வாண்டு மே மாதத்தில், இவர் பட்டம் பெற்ற கீல் நகரிலேயே இவருடைய நூல்கள் எரிக்கப்பட்டன.

ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அறிஞர்களுக்கு அமெரிக்காவில் பணி தேடித் தருவதில் போவாஸ் முனைந்தார். 1938 ஆம் ஆண்டில், நாசிகளின் இனக்கொள்கையைக் கண்டித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க அறிவியலாளர் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்றை வெளியிட முன்னின்றார். அமெரிக்காவிலேயே கறுப்பின மக்கள் சமமாக நடத்தப்படாத நிலையையும் இவர் சுட்டிக்காட்டி வந்தார்.

1942 ஆம் ஆண்டு டிசம்பர் 21 ஆம் நாள், பிரான்சிலிருந்து தப்பி வந்திருந்த மானிடவியலாளர் பால் ரிவேக்காகக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் மன்றத்தில் நடந்த மதிய விருந்தின்போது, பேசிக்கொண்டிருக்கையிலேயே போவாஸ் சரிந்து உயிர் நீத்தார். அப்போது வயது 84. பின்னாளில் புகழ்பெற்ற குளோட் லெவி-ஸ்ட்ராஸும் அவ்விருந்தில் இருந்தார்.

விமர்சனங்கள்

போவாஸின் பணிகளில் இன்று ஏற்றுக்கொள்ள இயலாதவையும் உண்டு. 1888 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பழங்குடியினரின் கல்லறைகளிலிருந்து, அவர்களுடைய இசைவின்றி, மண்டையோடுகளை எடுத்தார். அது வெறுக்கத்தக்க வேலை என்பதைத் தாமே உணர்ந்திருந்தும் அதைச் செய்தார்.

1897 ஆம் ஆண்டில் துருவப் பயணி ராபர்ட் பியரி, கிரீன்லாந்திலிருந்து ஆறு இனுயிட் மக்களை நியூயார்க் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். ஒருவரை ஆய்வுக்காக அழைத்துவரலாம் என்று முன்பு கேட்டவர் போவாஸே. சில மாதங்களுக்குள் நால்வர் காசநோயால் இறந்தனர். இறந்தவர்களுள் ஒருவரான கிசுக்கின் மகன் மினிக் என்ற சிறுவனை நம்பவைப்பதற்காக, ஒரு போலி அடக்கச் சடங்கு நடத்தப்பட்டது. கிசுக்கின் எலும்புகள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. பின்னர் உண்மையை அறிந்த மினிக், தந்தையின் எலும்புகளைக் கேட்டும் பெறவில்லை. அவர் 1918 ஆம் ஆண்டில் இறந்தார். 1993 ஆம் ஆண்டில்தான் அந்நால்வரின் எலும்புகளும் கிரீன்லாந்துக்கு அனுப்பப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன. போலிச் சடங்கைப் போவாஸ் பின்னர் நியாயப்படுத்தியது இவருடைய வாழ்வில் ஒரு கறையாகவே கருதப்படுகிறது.

இனம் குறித்த இவருடைய கருத்தும் தொடக்கத்திலிருந்தே முழுமையாக இருக்கவில்லை. 1894 ஆம் ஆண்டில் ஆற்றிய உரையில், கறுப்பினத்தவரிடையே மிக உயர்ந்த அறிவாற்றல் உடையோர் குறைவாக இருக்கக்கூடும் என்ற ஐயத்தை விட்டுவைத்திருந்தார். கலப்பு மணங்களால் நிற வேறுபாடு மறையும்போதுதான் இனச்சிக்கல் தீரும் என்று 1921 ஆம் ஆண்டில் எழுதினார். வேறுபாடு மறைந்தால்தான் சமத்துவம் கிட்டும் என்ற இக்கருத்து, வேறுபட்டவராக இருக்கும்போதே சம உரிமை வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஈடாகாது என விமர்சகர் கூறுவர்.

பிற்கால மறு ஆய்வுகள்

குடிவந்தோரைப் பற்றிய தம் மூல அளவுகள் முழுவதையும் போவாஸ் 1928 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தம் முடிவைப் பிறர் சரிபார்க்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். 2002 ஆம் ஆண்டில் கோரி ஸ்பார்க்ஸ், ரிச்சர்ட் ஜான்ட்ஸ் ஆகிய இருவர் அந்த அளவுகளைக் கணினியின் துணையுடன் மீண்டும் ஆராய்ந்து, சூழலின் விளைவு மிகச் சிறியது என்றும், மரபின் பங்கே பெரிது என்றும் கூறினர். 2003 ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் கிராவ்லீயும் உடன் ஆய்வாளர்களும் அதே அளவுகளை ஆராய்ந்து, போவாஸின் முதன்மையான முடிவு பெரும்பாலும் சரியே என்றனர். சூழலால் மாற்றம் நிகழ்ந்தது என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அம்மாற்றத்தை எவ்வளவு முக்கியமானதாகக் கருதுவது என்பதிலேயே வேறுபாடு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் ஓர் ஆய்வை மீண்டும் சோதிக்க முடிந்ததற்கு, போவாஸ் தம் அளவுகளை மறைக்காமல் வெளியிட்டதே காரணம் ஆகும்.

முதன்மையான நூல்கள்

நடு எஸ்கிமோக்கள் (1888)
ஆதி மனிதனின் மனம் (1911)
அமெரிக்க இந்திய மொழிகளின் கையேடு, முதல் தொகுதி (1911, பதிப்பாசிரியர்)
குடிவந்தோர் வழித்தோன்றல்களின் உடல் வடிவ மாற்றங்கள் (1911)
ஆதிக் கலை (1927)
மானிடவியலும் நவீன வாழ்வும் (1928)
இனம், மொழி, பண்பாடு (1940)